கழுத்து ரிப்: ஓகே ஆன சாம்பிளும் ஃபெயில் ஆன 9,600 பீஸும்

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை பத்தரை மணி. எங்கள் 9,600 குழந்தைகள் டி-ஷர்ட்டும் பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. பையர் சார்பில் வந்த இன்ஸ்பெக்டர் தான் குறித்த பெட்டிகளை மட்டும் பிரிக்கச் சொல்லி, 200 பீஸை மேசையில் அடுக்க வைத்தார். கறை, ஓட்டை, தையல் விட்டது, பிரிண்ட் எல்லாம் பார்த்தார். மூன்றே மூன்று சின்ன டேமேஜ். அப்புறம் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். 98/104 சைஸ் நேவி டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, கழுத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டு, டேப் மேல் வைத்து இழுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். பின் கழுத்தில் நூல் அறுந்திருந்தது.

அடுத்த பீஸில் நூல் அறுபடவில்லை. ஆனால் 51 சென்டிமீட்டருக்கு மேல் விரியவும் இல்லை. அந்த சைஸுக்குக் குறைந்தது 54 வேண்டும். அளவுக்கென்று எடுத்த 20 பீஸில் 13 பீஸ் கழுத்து விரிவில் குறைவு, அதில் நான்கில் நூல் அறுந்தது. ரிப்போர்ட்டில் ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதே ஸ்டைலுக்கு ஆறு வாரம் முன்னால் பிபி (பிரீ புரொடக்‌ஷன்) சாம்பிள் ஓகே ஆகியிருந்தது. பல்க், அதாவது மொத்தத் தயாரிப்பு தொடங்கும் முன் பையர் கடைசியாகப் பார்த்து முத்திரை வைத்துத் தரும் சாம்பிள்தான் பிபி. அந்த சீல் போட்ட பீஸ் என் அலமாரியில் இருந்தது. எடுத்து இழுத்துப் பார்த்தேன். தாராளமாக 57 விரிந்தது. ஒரே பேட்டர்ன், ஒரே ஸ்பெக் (பையர் தந்த அளவுப் பட்டியல்), ஒரே கம்பெனி. அப்படியானால் நாங்கள் எதற்கு ஓகே வாங்கினோம்? இந்த எழுத்து அந்தக் கேள்வியைப் பற்றியது. திருப்பூரில் குவாலிட்டி வேலையில் இருக்கிறவன் நான். கம்பெனி பெயர், பையர் பெயர் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் இதே வழியில் தவறுகிற யூனிட்டுகள் நிறைய உண்டு.

ஆர்டர்

குழந்தைகள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட். ஐரோப்பிய பையர். 100 சதவீதம் காட்டன் சிங்கிள் ஜெர்சி, 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), கழுத்துக்குக் காட்டன் லைக்ரா ரிப், அதாவது இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் வரி வரியான பின்னல் துணி. மூன்று கலர்: நேவி, மஸ்டர்ட், ஆஃப் ஒயிட். சைஸ் 86/92 முதல் 122/128 வரை நான்கு. அங்கே குழந்தைகள் சைஸ் என்பது உயரம்தான். 98/104 என்றால் சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள பிள்ளை, மூன்று நான்கு வயது.

இந்த உருப்படியில் மற்ற எல்லாவற்றையும்விடக் கழுத்து ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். பெரியவர்களின் தலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தோளும் கழுத்தும் ரொம்பச் சின்னது. அதனால் கழுத்தை அகலமாக வெட்டினால் தோளிலிருந்து வழிந்துவிடும், சின்னதாக வெட்டினால் தலை நுழையாது. போட்டிருக்கும்போது ஒட்டி நிற்கவும், மாட்டும்போது விரியவும் வேண்டும். அந்த இரண்டு வேலையையும் செய்வது இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த ரிப் பட்டை ஒன்றுதான்.

ஃபெயில் ஆன அன்று சாயங்காலம் ஒரு பீஸை வீட்டுக்கு எடுத்துப் போனேன். தங்கச்சி மகனுக்கு நான்கு வயது. மாட்டிப் பார்த்தோம். நெற்றியைத் தாண்டியது, காதுக்கு மேல் நின்றுவிட்டது. இழுத்ததும் காது இரண்டும் மடங்கி, துணிக்குள்ளிருந்து பையன் வீறிட்டான். அவசரமாகக் கழற்றினோம். கன்னத்தில் ரிப் அழுந்திய கோடு கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருந்தது. 51க்கும் 54க்கும் நடுவில் இருக்கிற மூன்று சென்டிமீட்டர் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சாம்பிள் வந்த வழி

வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பனியன் ஆர்டரில் சாம்பிள் என்பது ஒரு தடவை செய்து காட்டுகிற விஷயம் இல்லை. முதலில் புரோட்டோ, டிசைன் உருவம் எப்படி வருகிறது என்று பார்க்க. அப்புறம் ஃபிட், உடம்பில் எப்படி உட்கார்கிறது என்று பார்க்க. அடுத்தது சைஸ் செட், எல்லா சைஸிலும் ஒவ்வொன்று. அதன்பின் பிபி. தையல் லைன் ஓட ஆரம்பித்த பிறகு முதலில் இறங்குகிற பீஸ்களிலிருந்து எடுத்து அனுப்புவது டாப். இதற்கு இணையாகத் துணியின் கலருக்கு லேப் டிப், பிரிண்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் என்ற மாதிரித் துண்டுகள் தனியாக ஓடும்.

புரோட்டோவும் ஃபிட்டும் கையில் கிடைக்கிற துணியில் தைக்கலாம், அதில் தவறில்லை. பிபி மட்டும் அப்படி இல்லை. பல்க் துணி, பல்க் ரிப், பல்க் நூல், பல்க் லேபிள், எல்லாம் நிஜத்தில் பயன்படப் போவதாகவே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அதற்கு அந்தப் பெயர்.

எங்கள் ஆர்டரில் ஃபிட் ஒரு கமெண்டோடு பாஸ். சைஸ் செட் பாஸ், 'கழுத்து விரிவு சரியாக உள்ளது, ரிப் இதே தரத்தில் வர வேண்டும்' என்ற குறிப்போடு. அதற்கப்புறம் கலரில் மாட்டிக்கொண்டோம். மஸ்டர்ட் லேப் டிப் மூன்று தடவை திரும்பி வந்தது. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சமான டி65இல் சரியாக இருக்கும், கடை வெளிச்சமான டிஎல்84 போட்டால் பச்சை அடிக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களை ஊர் மறக்காது. அதற்கப்புறம் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, திரும்ப எடுத்த தண்ணீரிலும் உப்புநீரிலும்தான் சாயம் போகிறது. லேப்பில் வேறு தண்ணீரில் சின்ன டப்பாவில் போட்டுப் பார்த்த கலர், பட்டறையில் அப்படியே விழும் என்று நம்ப முடியாது. லேப் டிப்பையும் அதே தண்ணீரில் போட வேண்டும் என்று எங்கள் டையிங் மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது சரி.

ஆக, கலரிலேயே பன்னிரண்டு நாள் போனது. பாடி துணி முதல் லாட் வந்துவிட்டது, ரிப் வரவில்லை. கப்பல் தேதி நெருங்குகிறது. பிபி போகாமல் கட்டிங் தொடங்க முடியாது. சாம்பிள் செக்‌ஷனில் பழைய ஆர்டரில் மிஞ்சிய நேவி ரிப் ஒரு துண்டு இருந்தது. அதே நூல், அதே லைக்ரா, கண்ணுக்குக் கலரும் அதேதான். அதை வைத்து நேவியில் பிபி தைத்தோம். மறைக்கவில்லை, 'ரிப் கையிருப்பிலிருந்து' என்று ஸ்லிப்பில் எழுதியே அனுப்பினோம்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'பல்க் ரிப்பில் கழுத்து விரிவை உறுதி செய்யும் நிபந்தனையோடு ஒப்புதல்.' பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிற மெர்ச்சண்டைசர் அதைப் படித்துவிட்டு, புரொடக்‌ஷன் குரூப்பில் ஒரு வரி போட்டார்: 'பிபி ஓகே, கட்டிங் போகலாம்.'

இந்த வழக்கின் திருப்பம் அந்த வரிதான். அவரைக் குறை சொல்லி ஒதுங்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மெயில் எனக்கும் காப்பி வந்தது. நானும் படித்தேன். நிபந்தனை என்ற சொல் கண்ணில் பட்டது, ஒப்புதல் என்ற சொல் மனதில் தங்கியது. எட்டு நாள் கழித்து ரிப் வந்தபோது, அந்த நிபந்தனையை யார் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கட்டிங் மாஸ்டருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

நான்கு பீஸ்

ஃபெயில் ஆன மறுநாள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கட்டிங்கில் ரிப் நீளம் குறைத்துவிட்டார்கள் என்றது தையல் தரப்பு. தையல் டைட் என்றது கட்டிங். டையிங்கில் ரிப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்றது ஆபீஸ். முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைத் தீர்த்தோம். வெட்டி வைத்த ரிப் பட்டைகளைப் பேட்டர்ன் மேல் வைத்துப் பார்த்தோம். 98/104க்கு 31.5 சென்டிமீட்டர், அச்சாக இருந்தது. கட்டிங்கில் தவறில்லை.

மீதி இரண்டு சந்தேகம்: ரிப்பா, தையலா? வாதம் செய்வதை நிறுத்திவிட்டு நான்கு பீஸ் தைத்தோம். பழைய ரிப்பில் சாம்பிள் டெய்லர் ஒன்று, லைன் டெய்லர் ஒன்று. பல்க் ரிப்பில் சாம்பிள் டெய்லர் ஒன்று, லைன் டெய்லர் ஒன்று. நான்கையும் ஒரே மேசையில், ஒரே ஆள் இழுத்து அளந்தோம்.

பழைய ரிப், சாம்பிள் டெய்லர்: 57. பழைய ரிப், லைன் டெய்லர்: 54.5. பல்க் ரிப், சாம்பிள் டெய்லர்: 53.5. பல்க் ரிப், லைன் டெய்லர்: 51.

குற்றவாளி ஒருவர் இல்லை, இரண்டு பேர். தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றில் மயிரிழையில் தப்பியிருப்போம், இன்னொன்றில் அரை சென்டிமீட்டரில் விட்டிருப்போம். இரண்டும் சேர்ந்து ஆறு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டன. எந்தத் தொழிலில் சாம்பிள் பார்க்கிறவர்களும் இந்த நான்கு பீஸ் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பேன். சாம்பிள் சரக்கு, பல்க் சரக்கு, சாம்பிள் கை, பல்க் கை. அரை நாள் வேலை. யார் மேல் தப்பு என்ற கத்தல் அதோடு நின்றுவிடுகிறது.

ரிப்பை முதலில் பார்த்தோம். வட்ட கட்டரில் வெட்டி எடை போட்டால் பழையது 240 ஜிஎஸ்எம், பல்க் 218. பிக் கிளாஸ் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை வரி என்று எண்ணினோம். பழையதில் 30, பல்க்கில் 27. அப்போதுதான் விளங்கியது. ரிப் என்பது மடிந்து நிற்கிற வரிகள், இழுத்தால் விரியும். சாயம் முடிந்து, துணியைக் காயவைத்து அகலம் செட் பண்ணுகிற ஸ்டென்டர் மெஷினில் போகும்போதே துணியை அகலத்துக்கு இழுத்துச் சூட்டில் செட் பண்ணிவிட்டால், அந்த விரிவில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது. அதே 31.5 சென்டிமீட்டர் பட்டையில் வரிகள் குறைவு. முன்கூட்டியே இழுபட்ட ரிப், குழந்தை தலைக்கு இழுக்கும்போது எங்கிருந்து வரும்?

பட்டறைக்காரரிடம் கேட்டோம். அவர் நாங்கள் வேலைக்கு எழுதிக் கொடுத்த புரோகிராம் பேப்பரையே எடுத்துக் காட்டினார். அதில் அந்த அகலத்தை எழுதியது நாங்கள்தான். அகலம் கூட வந்தால் ஒரு கிலோ ரிப்பில் பட்டைகள் கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, ஜிஎஸ்எம் கட்டத்தைக் காலியாக விட்டு, அகலத்தை மட்டும் எழுதியிருந்தோம். அவர் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்.

அப்புறம் தையல். எங்கள் சாம்பிள் டெய்லர் இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறவர். "ஏனுங்க, நான் ஒரு பீஸுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கறேன். அவங்களுக்குக் கழுத்து வைக்க அரை நிமிஷந்தானுங்க" என்றார். விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மெஷினில் அவர் ரிப் வைக்கும்போது நூல் டென்ஷனைத் தளர்த்தி, வைத்து முடித்ததும் கழுத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். பின் கழுத்தில் தையலை மூடும் துணி டேப்பை அடிக்கும்போது, சிங்கர் மெஷினில் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தே அடிப்பார். சிங்கர் தையல் நேர்தையல், அதற்கு நீள்கிற குணம் குறைவு. துணி நீளும், தையல் நீளாது, அப்புறம் 'டப்'. இதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஸ்பெக் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை.

லைனில் கழுத்து வைக்கிற அக்காவிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "மொத நாள் டென்ஷன் லூஸாத்தான் வெச்சிருந்தேன் சார். ரிப்பை விரிச்சா நூலு பல்லு மாதிரி தெரியுதுன்னு செக்கிங்ல திருப்பி விட்டாங்க. அதான் டைட் வெச்சேன்." அந்தச் செக்கிங் என் டிபார்ட்மெண்ட். ஒரு குறையைத் திருத்தச் சொன்னோம், அந்தத் திருத்தம் எதைக் கெடுக்கிறது என்று பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. லைனில் மணிக்கொரு தடவை அளவு பார்க்கிறோம். கழுத்து அகலம் 16 சென்டிமீட்டர், எல்லா பீஸிலும் சரி. ஆனால் அது இழுக்காமல் படுக்க வைத்து எடுக்கிற அளவு. இழுத்து எடுக்கிற அளவுக்கு எங்கள் லைன் ரிப்போர்ட்டில் கட்டமே இல்லை. டாப் சாம்பிளும் இப்படித்தான் போய் இப்படித்தான் ஓகே ஆனது.

சரி செய்தது

ரிப்பை மறுபடி பின்னி, சாயம் போட்டு, இம்முறை 240 ஜிஎஸ்எம், இன்ச்சுக்கு 30 வரி என்று இரண்டையும் எழுதிக் கொடுத்து ஆறு நாளில் வாங்கினோம். ஓவர்லாக்கில் விளிம்பைச் சுற்றி வளையம் போடுகிற லூப்பர் நூலை மாற்றி, சுருள் கொண்ட பஞ்சுபோன்ற பாலியஸ்டர் நூல் போட்டோம். அது நீளும், விரிந்து தையலை மூடிக்கொள்ளும், அதனால் டென்ஷன் தளர்ந்தாலும் பல் மாதிரி தெரியாது. தையல் எண்ணிக்கையை இன்ச்சுக்கு 10லிருந்து 12 ஆக்கினோம். தையல் நெருக்கமானால் ஒவ்வொரு இன்ச்சிலும் நூல் கூடப் போகிறது, அந்தக் கூடுதல் நூல்தான் நீளும்.

பிரிப்பதுதான் கொடுமை. 25 பேர் நான்கு நாள் உட்கார்ந்து 9,600 கழுத்தைக் கையால் பிரித்தார்கள். ஆஃப் ஒயிட்டில் ஊசித் துளையும் கை அழுக்கும் நின்று 300 பீஸுக்கு மேல் போனது. ஓவர்லாக் மறுபடி ஓடும்போது கத்தி 3 மில்லிமீட்டர் துணியை எடுத்துவிடும், இரண்டு பக்கமும் சேர்த்துக் கழுத்து அகலம் 16.6 ஆனது. டாலரன்ஸ், அதாவது ஒத்துக்கொள்ளும் வித்தியாசம், அரை சென்டிமீட்டர்தான். இந்தத் தடவை எதையும் ஊகிக்கவில்லை. பல்க் ரிப், பல்க் நூல், லைனில் அதே மெஷினில் அதே அக்கா தைத்த பீஸ், நான்கு சைஸிலும் இரண்டிரண்டு எடுத்துப் புது சாம்பிளாக அனுப்பினோம். 16.6 என்பதையும் மேலேயே எழுதினோம். பையர் பக்கத்தில் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, குழந்தை மாடலுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். புது சீல் வந்தது.

மொத்தம் பதினெட்டு நாள் தாமதம். தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. பாதிச் சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாவது இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதே இன்ஸ்பெக்டர் வந்தார். 98/104இல் 55, 55.5, 56. ஒரு நூலும் அறுபடவில்லை.

ஒப்புதல் யாருக்கு?

இன்ஸ்பெக்‌ஷன் கணக்கைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, கடைசியில் ஒருவர் வந்து பார்த்துவிடுவார் என்று. 9,600 பீஸுக்கு வழக்கமான இரண்டாம் நிலை அட்டவணைப்படி 200 எடுப்பார்கள். ஏக்யூஎல் (ஒத்துக்கொள்ளும் டேமேஜ் அளவு) 2.5 என்றால் 10 டேமேஜ் வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். நூறில் இரண்டு மூன்றில் வருகிற டேமேஜை அளக்க அது நல்ல தராசு. ஆனால் சாம்பிளிலேயே தவறான சரக்குக்கு ஓகே வாங்கியிருந்தால், பல்க்கில் தப்பு இரண்டு மூன்று பீஸில் இருக்காது, எல்லாப் பீஸிலும் இருக்கும். அதை இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கும்போது பெட்டியில் டேப் ஒட்டியாகிவிட்டது. அதைப் பிடிக்க வேண்டிய இடம் கட்டிங் மேசைக்கு முன்னால்.

நான் இதிலிருந்து பிடித்துக்கொண்டது ஒன்றுதான். பையர் ஓகே சொல்வது அந்த டி-ஷர்ட்டுக்கு இல்லை, அது உண்டான வழிக்கு. எந்த ரிப், எந்த அகலத்தில் முடித்தது, எந்த நூல், என்ன டென்ஷன், யார் கை. வழி மாறினால் பழைய ஓகே செல்லாது. சாம்பிள் செக்‌ஷன் டெய்லரின் திறமையால் பாஸ் ஆகிற சாம்பிள், லைனுக்கு நாம் கொடுக்கிற பொய்யான தைரியம். அவர் கையில் இருப்பதைக் காகிதத்தில் இறக்காமல் அவர் பீஸை மட்டும் அனுப்பி முத்திரை வாங்கக் கூடாது.

இப்போது பிபி பீஸை லைனில்தான் தைக்கிறோம். சாம்பிள் டெய்லர் பக்கத்தில் நின்று காட்டுவார், தைப்பது லைன் ஆள். ஓகே மெயில் வந்தால் அதைச் சுருக்கிச் சொல்லக் கூடாது, அப்படியே தமிழில் எழுதி, ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் தேதியும் போட்டு, கட்டிங் மேசைக்கு மேலே மாட்டுகிறோம். கையெழுத்து விழாத நிபந்தனை இருந்தால் அந்த உறுப்பை மட்டும் வெட்டக் கூடாது. ரிப் வரவில்லையா, பாடியையும் கையையும் வெட்டி வைக்கலாம், கழுத்து நிற்கும்.

சின்ன ஆர்டர்களில் இது இன்னும் கஷ்டம். ஆயிரம் பீஸ் ஆர்டருக்குக் கழுத்து ரிப் ஒரு சில கிலோதான் வேண்டும், அவ்வளவு சின்ன லாட்டைப் பட்டறையில் தனியாகப் போட மாட்டார்கள், இன்னொரு ஆர்டரோடு சேரும்வரை காத்திருக்க வேண்டும். போன மாதம்கூட அப்படி ஒன்று வந்தது. பையருக்கு மெயில் போட்டு, ரிப் வருகிறவரை பிபி அனுப்ப முடியாது, ஒன்பது நாள் தாருங்கள் என்று கேட்டோம். ஏழு நாள் கொடுத்தார்கள். ரிப் ஆறாம் நாள் சாயங்காலம் வந்தது. வெட்டுவதற்கு முன்னால் கட்டிங் மாஸ்டரே பிக் கிளாஸை எடுத்து வரி எண்ணிக்கொண்டிருந்தார்.